கொசுக்களுக்கு மூன்று நாள் தீனி

உயிரியல் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வர நினைக்கும் பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கல்லூரிகளில் என்னைக் கூப்பிடுவார்கள். 'ஆய்வகத்தில் கைப்பழக்கமும் வேலை வாய்ப்பும்' என்று தலைப்பையும் அவர்களே வைத்துவிடுவார்கள். நானும் இருப்பதில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய், பொறுமை வேண்டும், சுத்தம் வேண்டும், நோட்டுப் புத்தகத்தில் பொய் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவர்கள் போர்த்தும் சால்வையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். சொன்னதெல்லாம் உண்மைதான். அதை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சால்வையைத் திருப்பி வாங்கியிருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஒரு சின்ன ஆய்வகத்தில் நான் தற்காலிக ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். பதவியின் பெயர் அப்படி. பார்த்த வேலை, கொசு வளர்ப்பது. யானைக்காலைப் பரப்பும் கொசுவை எந்த மருந்து கொல்லும், எந்த மருந்தை அது சட்டை செய்யாது என்று கண்டுபிடிப்பதற்காக, பெரிய வாய்க்காலுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்து வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆள் உயர ஜன்னல்கள் எல்லாவற்றிலும் வலை அடித்திருந்தது. ஊரில் மற்றவர்கள் கொசு உள்ளே வராமலிருக்க வலை அடிப்பார்கள். நாங்கள் வெளியே போகாமலிருக்க அடித்திருந்தோம்.

இந்த வேலையால் எனக்குக் கிடைத்த முதல் லாபம், கல்யாணம் தள்ளிப்போனது. பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியைத் தின்றுகொண்டே, "பொண்ணு என்னா வேல பாக்குது?" என்பார்கள். அம்மா, "கவர்மெண்டு ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்க உள்ளே ஓடிவிடுவாள். "என்னா ஆராய்ச்சிம்மா?" என்று என்னைக் கேட்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, மிகவும் அடக்கமாக, "கொசு வளக்குறேன்" என்பேன். மூன்று வரன்கள் அப்படியே எழுந்து போயின. மூன்றாவது வரன் போன அன்று அம்மா கத்தித் தீர்த்துவிட்டாள்.

"ஊர்ல எல்லாரும் கொசுவ அடிக்கிறாங்க. நீ சோறு போட்டு வளக்குற. வேல நிரந்தரம் ஆச்சுன்னா நான் வாயத் தொறக்கல. இல்லன்னா வர்ற தைக்கு எவன் வந்தாலும் கழுத்த நீட்டணும், ஆமாம்."

அந்த வருஷம் ஆய்வகத்தில் நிரந்தரமாக்குவதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. தற்காலிகமாக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் அரியாங்குப்பத்திலிருந்து தினமும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி சைக்கிளில் வருகிறவர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், பேண்ட் மடிப்பு கலையாமல் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர். அதனால் அவரை நான் முசியே என்றுதான் கூப்பிடுவேன், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அவர் என்னை மேடம் என்பார். இரண்டுமே கேலிதான்.

கைப்பழக்கத்தைப் பற்றிச் சொல்வதென்றால் உறிஞ்சு குழாயிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கண்ணாடிக் குழாய், அதன் பின்னால் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் குழாய், இரண்டும் சேரும் இடத்தில் ஒரு துண்டு வலைத் துணி. ரப்பர் முனையை வாயில் வைத்துக்கொண்டு, சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவுக்கு நேரே கண்ணாடி முனையைக் கொண்டுபோய், மெல்ல மூச்சை இழுத்தால் கொசு உள்ளே வந்துவிடும். வேகமாக இழுத்தால் கால் ஒடிந்துவிடும், கால் ஒடிந்த கொசு பரிசோதனைக்கு ஆகாது. வலைத் துணி இருப்பதால் வாய்க்குள் வராது. துணி கிழியாமல் இருந்தால்.

காலையில் ஊர்க் கொசு பிடிக்க நானும் முசியேவும் வீடு வீடாகப் போவோம். ஒரு வீட்டில்கூடக் கொசு இருக்கிறது என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது அவர்களுக்கு மானப் பிரச்சனை. மில் தொழிலாளர் தெருவில் ஒரு அம்மா, "எங்க வூட்ல ஏதும்மா கொசு? எதுத்த வூட்ல போய்ப் பாரு, அங்கதான் சாக்கடையத் தேக்கி வச்சிருக்காங்க" என்பாள். எதிர் வீட்டுக்காரி கையை இந்தப் பக்கம் நீட்டுவாள். முஸ்லிம் தெருவில் மட்டும் ஒரு துணிக்கடைக்காரர் மனைவி, ஆணியில் தொங்கிய சட்டைகளைத் தானே விலக்கிக் காட்டி, "எல்லாத்தையும் எடுத்துக்கம்மா, திருப்பித் தர வேணாம்" என்று தேநீரும் கொடுத்தார்.

பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் வீட்டில்தான் எனக்கு அந்த விபத்து நடந்தது. "பிரெஞ்சுக்காரன் இருந்த வரைக்கும் இந்த ஊர்ல ஒரு முஸ்தீக் கெடையாது" என்று அவர் கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முஸ்தீக் என்றால் கொசு. அப்படி அவர் சொல்லும்போது அவருடைய காது மடலிலேயே ஒரு முஸ்தீக் வயிறு புடைக்க உட்கார்ந்திருந்தது. வாயில் குழாயோடு சிரித்துவிட்டேன். சிரித்து முடித்து மூச்சை இழுத்தபோது வலைத் துணி கிழிந்திருந்தது தெரியவந்தது. குழாயில் இருந்த கொசு என் தொண்டைக்குள் போய்விட்டது. நான் இருமிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன், முசியே தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"இந்த வூட்ல புடிச்சது எட்டு. கைல இருக்கறது ஏழு. ஒன்ன நீங்க முழுங்கிட்டீங்கன்னு எழுதிக்கவா மேடம்?"

எழுதியும்விட்டார். 'எட்டு, அதில் ஒன்று விழுங்கப்பட்டது' என்று பென்சிலில் அழகான கையெழுத்தில். மை எழுத்து ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், பென்சில்தான் நிற்கும் என்பது அவரைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது. அவர் அப்படித்தான். நடந்தது எதுவானாலும் அது நோட்டில் இருக்கும்.

ஆய்வகத்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கம். மேல் மாடியில் என் அறை, வம்சப் பக்கம். வருஷக்கணக்காக மருந்து வாசனையே படாமல் தலைமுறை தலைமுறையாகக் கூண்டுக்குள் வளர்ந்த கொசுக்கள் அங்கே இருந்தன. கீழே முசியேவின் அறை, மருந்துப் பக்கம். மருந்து தோய்த்த தாள்களைச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்து, அதில் கொசுக்களை ஒரு மணி நேரம் விட்டு, மறுநாள் எத்தனை செத்தன என்று எண்ணுவது அவர் வேலை. ஒவ்வொரு முறையும் ஊர்க் கொசுவோடு என் வம்சக் கொசுவையும் வைத்துப் பார்ப்பார். வம்சக் கொசு மருந்து தெரியாதது, அது மொத்தமாகச் சாக வேண்டும். செத்தால் தாள் நல்ல தாள், செய்தவர் கையும் நல்ல கை. சாகாவிட்டால் எங்கேயோ கோளாறு.

மருந்துப் பக்கத்து ஆள் மேலே வரக் கூடாது என்பது சட்டம். துணியில் ஒட்டியிருக்கும் துளி மருந்து போதும், வம்சம் அழிந்துவிடும். எனக்கும் சட்டங்கள் உண்டு. பவுடர் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது, வீட்டில் கொசுவர்த்தி கொளுத்தக் கூடாது. அப்பா ராத்திரியெல்லாம் தொடையைத் தட்டிக்கொண்டு, "ஆபீஸ் கொசுவுக்குத்தான சட்டம், வூட்டுக் கொசுவுக்கு என்னாத்துக்கு?" என்று புலம்புவார். ஆக என் அறைக்குள் வருகிறவர்கள் நானும், தட்டுகளும் குழாய்களும் கழுவித் தரும் அக்காவும் மட்டும். இயக்குநரை நாங்கள் சார் என்போம். அவரே வெளியே நின்று கண்ணாடி வழியாகத்தான் எட்டிப் பார்ப்பார். தப்பு செய்ய அதைவிட வசதியான அறை கிடையாது.

ஆடி மாதம் வீராம்பட்டினம் தேர். வெள்ளிக்கிழமை உள்ளூர் விடுமுறை, அதோடு சனி ஞாயிறும் சேர்ந்துகொண்டன. வீராம்பட்டினத்தில் என் கல்லூரித் தோழி ஒருத்தி இருந்தாள். மூன்று நாளும் அவள் வீட்டில் தங்கிவிடு என்று வருந்தி அழைத்திருந்தாள். ஆனால் கொசுவுக்கு ஞாயிறு கிடையாது. எனாமல் தட்டுகளில் நீந்தும் புழுக்களுக்கு ஈஸ்டும் நாய் பிஸ்கட் தூளும் கலந்து தினமும் ஒரு சிட்டிகை தூவ வேண்டும், ஒருநாள் தவறினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அந்த வாரம் பார்த்து, கூண்டில் பறந்துகொண்டிருந்தவை எல்லாவற்றையும் முசியே பரிசோதனைக்கு வாங்கிப் போயிருந்தார். வம்சம் முழுவதும் பன்னிரண்டு தட்டில் புழுக்களாக இருந்தது.

நான் யோசித்தேன். நானே என்னை மெச்சிக்கொள்ளும் அளவுக்கு ஒரு யோசனை வந்தது. தினமும் ஒரு சிட்டிகை, மூன்று நாளுக்கு மூன்று சிட்டிகை. போகிற அவசரத்தில், பாவம் பசிக்கப் போகிறது என்று இன்னொரு சிட்டிகையும் சேர்த்துத் தூவினேன். அம்மா ஊருக்குப் போகும்போது அப்பாவுக்குச் சோறு ஆக்கி வைப்பாளே, அந்த நினைப்புதான். தட்டின் விளிம்பைத் தட்டி, "சமத்தா இருங்க" என்றுகூடச் சொன்னேன். தேரில் கூட்டம் நெரிந்தது. நான் வளையல் வாங்கினேன், தோழி வீட்டில் இறால் தின்றேன், கொசுவை நினைக்கவே இல்லை.

திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் நாற்றம் மூக்கில் அடித்தது. கொசுப் புழு தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாலால் மூச்சு விடும். தின்ன ஆளில்லாத தீனி புளித்து, தண்ணீர்மேல் பாலாடை போலத் தடியாகப் படிந்திருந்தது. அத்தனை புழுவும் அதன் அடியில் மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தன. பன்னிரண்டு தட்டிலும் தேடினேன். ஒன்றுகூட அசையவில்லை. பட்டினி போட்டிருந்தால்கூடப் பாதி பிழைத்திருக்கும், பாசத்தால் மொத்தத்தையும் கொன்றுவிட்டேன்.

அக்கா வந்து மோந்து பார்த்தாள். "என்னா பாப்பா, ஐஸ் இல்லாத மீன் மாதிரி நாறுது" என்றாள். அவள் தேங்காய்த்திட்டுக்காரி, துறைமுகத்தில் மீன் ஏலத்துக்குப் பக்கத்தில் வீடு. நாற்றத்தில் அவள் சொல்வதே தீர்ப்பு.

சாரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பத்துப் படி இறங்கி வலது பக்கம் திரும்பினால் அவர் அறை. பத்துப் படியும் இறங்கினேன். வலது பக்கம் திரும்பும்போது அம்மாவின் தை மாசம் நினைவுக்கு வந்தது. இடது பக்கம் திரும்பிப் போய் அக்காவிடம், "அக்கா, கொசு முட்ட எங்க கெடைக்கும்?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுப் பின்னாடி வா. கரித் துணுக்கு மாதிரி மெதந்துகிட்டுக் கெடக்கும். எத்தினி வேணும்னாலும் அள்ளிக்க."

அன்று மத்தியானமே போய், அவள் வீட்டுத் தூக்கில் சாக்கடைத் தண்ணீரோடு அள்ளிக்கொண்டு வந்தோம். "இது அந்தக் கொசு இல்லியா பாப்பா?" என்று அவள் கேட்டாள். "எல்லாம் ஒரே சாதிதான் அக்கா" என்றேன். அது பொய்யில்லை, பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரே வித்தியாசம், ஊர்க் கொசு வருஷக்கணக்காக நகராட்சி அடிக்கும் மருந்தைக் குடித்து ஊறியது. அதைத்தான் நான் அவளிடம் சொல்லவில்லை.

பிறகு நோட்டுக்கு வந்தேன். வெள்ளி, தீனி இட்டேன், தட்டுகள் இயல்பு. சனி, தீனி இட்டேன், இயல்பு. ஞாயிறு, அப்படியே. ஒரே மூச்சில் எழுதியது தெரியக் கூடாது என்று வெள்ளிக்கிழமையை நீல மையிலும் சனிக்கிழமையைக் கறுப்பிலும் ஞாயிறைப் பென்சிலிலும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை எழுத்தைக் கொஞ்சம் சாய்வாகப் போட்டேன், விடுமுறை நாள் சோம்பல் தெரிவதற்காக. அவ்வளவு மூளையை ஆராய்ச்சியில் செலவழித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

இரண்டு வாரத்தில் கூண்டு நிறையக் கொசு பறந்தது. சார் கண்ணாடி வழியாகப் பார்த்து, "நல்லா வந்திருக்கும்மா இந்தத் தலைமுறை, வாட்டசாட்டமா இருக்கு" என்றார். தேங்காய்த்திட்டுச் சாக்கடை, வாட்டசாட்டத்துக்கு என்ன குறை. நான் பெருமையாகச் சிரித்தேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

கீழே முசியே என் கூண்டிலிருந்து போன கொசுக்களை மருந்துத் தாளில் விட்டார். மறுநாள் பார்த்தால் முக்கால்வாசி உயிரோடு பறந்துகொண்டிருந்தன. அவர் தாளைச் சந்தேகப்பட்டார். வேறு தாளில் செய்தார். அவையும் சாகவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பெட்டியை சாரிடம் கேட்டு வாங்கிப் பிரித்துச் செய்தார். சாகவில்லை. குழாய்களை அக்காவிடம் கொடுக்காமல் தானே கழுவினார், தண்ணீர் கண்ணாடிமேல் திட்டாகப் பிரியாமல் ஒரே படலமாக நிற்கும் வரைக்கும் கழுவினார். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டார். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்துக் கொட்ட உட்கார்ந்து செய்தார். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார். சாகவே இல்லை.

நான் மேலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வாரம் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யோசித்துப் பார்த்தால் எனக்கு லாபம்தான். நிரந்தர இடம் ஒன்று, அவர் தாளைக் கெடுக்கிறார், நான் வாட்டசாட்டமாக வளர்க்கிறேன்.

ஒருநாள் மாடிப்படிக்குக் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார். மேலே வரக் கூடாது என்பதால் அங்கிருந்தே அண்ணாந்து கேட்டார்.

"மேடம், உங்க பக்கம் ஏதாச்சும் மாத்தம் உண்டா? தீனி, தண்ணி, ஏதாச்சும்?"

"இல்லியே முசியே. எல்லாம் எப்பவும் போலத்தான்."

"சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப என் பக்கம்தான்."

நோட்டில் எழுதிய பொய்யைவிட இது பெரிய பொய். நோட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சார் அவரை எங்கள் எல்லாருக்கும் முன்னால் வைத்துத் திட்டினார். சார் கெட்டவர் இல்லை, தாள் பெட்டி காலியாகிறதே என்ற பதற்றம். "தாள் புதுசு, கொசு சரியா இருக்கு, அப்ப என்னா மிச்சம்? உன் கைதான்யா மிச்சம். கை சரியில்லன்னா இந்த வேல வேணாம்" என்றார். முசியே இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்துவிட்டு பேண்ட் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்காருவதில்லை.

நேர்முகத் தேர்வு முடியட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நானே கொடுத்த கெடு அது. கெடு வருவதற்குள் அவரே ஒருநாள் மத்தியானம் வந்து என் எதிரே உட்கார்ந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல், ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து லட்டு எடுத்து நீட்டினார்.

"நிச்சயம் ஆயிடுச்சி மேடம். ஞாயித்துக்கெழம மோதரம் மாத்திக்கிட்டோம்."

பெண்ணுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. எங்கள் ஊரில் அது தெரிந்த விஷயம்தான், அப்படி ஒரு பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளையும் பிரான்ஸ் போய்விடலாம். அவருடைய அம்மா ஒரு வருஷமாக அந்தச் சம்பந்தத்தை வைத்துக்கொண்டு கெஞ்சியது எனக்குத் தெரியும். ஆராய்ச்சியை விட்டு எங்கேயும் வர மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்றதும் தெரியும்.

"அங்க போய் என்னா பண்ணப் போறீங்க?"

"மாமனாரு தபால் ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்காரு. கடுதாசி பிரிக்கிற வேல. அதுக்குக் கை இவ்வளோ சுத்தமா இருக்க வேணாம் பாருங்க." சிரிக்கப் பார்த்தார். "மூணு வாரமா தூக்கம் இல்ல மேடம். எங்க தப்புன்னு கண்டுபுடிக்க முடியல. எனக்கு இது வராதுன்னு தெரிஞ்சிடுச்சி, அம்மா கிட்ட சரின்னுட்டேன்."

லட்டு என் கையில் இருந்தது. நான் அதைப் பெட்டி மூடியின்மேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தேர், நாலு சிட்டிகை, பாலாடை, தேங்காய்த்திட்டுத் தூக்கு, நோட்டில் நீல மை, கறுப்பு மை, பென்சில். வரிசையாகச் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சா?" என்றார்.

நான் அழுதுவிட்டேன். கொசுவுக்காக அழாதவள், தை மாசத்துக்காக அழாதவள். மூன்று வாரமாக ஒரு மனுஷனைத் தன் கையையே சந்தேகப்பட வைத்திருக்கிறேன், மாடியில் உட்கார்ந்து அதைக் கேட்டுச் சிரித்தும் இருக்கிறேன். வேலைப் போட்டியெல்லாம் அப்போது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. சாரிடம் இப்போதே போய்ச் சொல்கிறேன், நீங்கள் போக வேண்டாம் என்றேன். "சொல்லுங்க. சொல்ல வேண்டியதுதான்" என்று எழுந்தார். "ஆனா மோதரம் மாத்தியாச்சி. அந்தப் பொண்ணு என்னா தப்பு பண்ணுச்சி?"

பத்துப் படி இறங்கி இந்த முறை வலது பக்கம் திரும்பினேன். சார் முதலில் கத்தவில்லை. எத்தனை தட்டு, எத்தனை சிட்டிகை, முட்டை எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். என் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன், கையில் தட்டினார்.

"கிழிக்காத. அழிக்காத. ஒரே ஒரு கோடு போடு, அடியில இருக்கறது படிக்கத் தெரியணும். பக்கத்துல உண்மைய எழுது. இன்னிக்குத் தேதி போட்டுக் கையெழுத்து வை."

கையெழுத்து வைத்த பிறகுதான் கத்தினார். அப்படிக் கத்தி அவரை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் குரல் இறங்கி, "அந்தப் புள்ளயோட கையத் திட்டிட்டனே" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலையே ஸ்கூட்டரில் அரியாங்குப்பம் போய் முசியே வீட்டில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாராம். அவருடைய அம்மா காபி கொடுத்து, கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது என்று சொன்னாராம்.

எங்கள் வம்சத்தின் ஒரு கிளை சென்னையில் ஓர் ஆய்வகத்தில் இருந்தது. சாரே போய், புழுக்களைத் தெர்மாஸ் குடுவையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து சேர்ந்தார். பக்கத்து இருக்கைக்காரர் திண்டிவனம் வரைக்கும் காபி கேட்டுக்கொண்டே வந்தாராம். நான் தினமும் ஒரு சிட்டிகை மட்டும் தூவினேன். ஞாயிறும் வந்தேன். தீபாவளியன்றும் வந்தேன்.

நேர்முகத் தேர்வில் வெளியூர்க்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலையில் நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள் என்று ஒருவர் வழக்கமான கேள்வியாகத்தான் கேட்டார். நான் முழுவதையும் சொன்னேன். அவர்கள் சாரைப் பார்த்தார்கள், சார் ஆமாம் என்று தலையை ஆட்டினார். கொசு வளர்க்கத் தெரிந்த ஆள் வேறு யாரும் விண்ணப்பித்திருக்கவில்லை. முசியே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டிருந்தார்.

கல்யாணம் முடிந்து, பாரிஸ் போவதற்கு நாலு நாள் இருக்கும்போது அவர் ஆய்வகத்துக்கு வந்தார். புதுக் கடிகாரம் கட்டியிருந்தார். சாரிடம் ஒன்றுதான் கேட்டார். சென்னையிலிருந்து வந்த வம்சத்தை வைத்து ஒரே ஒரு முறை பரிசோதனை செய்துவிட்டுப் போகிறேன் என்றார். சார் கடிகாரத்தைக் கழற்றி வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, அறையைத் திறந்துவிட்டார்.

குழாய்க்கு இருபத்தைந்து கொசு. ஒன்றின் காலும் ஒடியாமல் மூச்சை அளந்து அளந்து உறிஞ்சி மாற்றினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவர் வேலை செய்வதை அதற்கு முன்னால் நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை, நாங்கள் வேறு வேறு பக்கத்து ஆட்கள். மறுநாள் காலையில் எண்ண வந்தபோது நோட்டை என்னிடம் நீட்டினார். அவர் சொல்ல நான் எழுதினேன்.

"ஒன்னாம் குழா, வம்சம். இருபத்தஞ்சு. செத்தது இருபத்தஞ்சு."

எழுதினேன்.

"ரெண்டாம் குழா, வம்சம். இருபத்தஞ்சு. செத்தது இருபத்தஞ்சு."

எழுதினேன்.

"மூணாம் குழா, ஊருக் கொசு. இருபத்தஞ்சு. செத்தது நாலு."

குழாயை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார், நேரமெடுத்து, விரல் இடுக்கு உட்பட. நான் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் குனிந்து நோட்டைப் பார்த்து, "தேதி போடல மேடம், போடுங்க" என்றார். போட்டேன். அதன் கீழே கையெழுத்து வைத்தார். சாரிடம் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, அக்காவிடமும் சொல்லிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் நியமன உத்தரவு என் பெயருக்கு வந்தது. அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள், கல்யாணப் பேச்சையும் எடுக்கவில்லை. அந்த வேலையை ஓய்வுபெறும் வரைக்கும் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அது அவருடைய வேலை.